ஊரடங்கில் காசநோய் எங்கே போனது? இளைஞர்களை வைத்து ஓர் எளிய விளக்கம்

மார்ச் 24 உலகக் காசநோய் நாள். 1882-ல் அந்தத் தேதியில்தான் ராபர்ட் கோக், இந்த நோயை உண்டாக்கும் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக பெர்லினில் ஒரு கூட்டத்தில் அறிவித்தார். 2020-ல் அதே மார்ச் 24, இரவு எட்டு மணிக்கு, நாடு முழுவதும் ஊரடங்கு என்ற அறிவிப்பு தொலைக்காட்சியில் வந்தது. காசநோய்க்கென்று ஒதுக்கிய நாளில் காசநோயை நினைக்க யாருக்கும் நேரமில்லை. அரிசி பருப்புக்கு என்ன செய்வது, ஊருக்குப் போகப் பஸ் கிடைக்குமா என்பதுதான் அன்றைய கவலை.

அந்த ஆண்டு முடிந்தபோது ஒரு கணக்கு வந்தது. 2019-ல் இந்தியாவில் அரசுப் பதிவேட்டில் ஏறிய காசநோயாளிகள் சுமார் 24 லட்சம் பேர். 2020-ல் அது சுமார் 18 லட்சம். ஒரே ஆண்டில் நான்கில் ஒரு பங்கு காணோம். உலகம் முழுக்கவும் இதே போக்குதான்: புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் 71 லட்சத்திலிருந்து 58 லட்சமாக இறங்கினார்கள்.

பார்த்தவுடனே நமக்குத் தோன்றுவது என்ன? காசநோய் காற்றில் பரவும் நோய். பள்ளி இல்லை, கல்லூரி இல்லை, பஸ் இல்லை, தியேட்டர் இல்லை. எல்லோரும் வீட்டுக்குள். வெளியே வந்தாலும் மாஸ்க். அப்படியென்றால் பரவல் குறைந்திருக்க வேண்டும், அதுவும் எந்நேரமும் கூட்டமாகச் சுற்றும் இளைஞர்களிடம் நன்றாகவே குறைந்திருக்க வேண்டும். இந்த எண்ணத்தில் பாதி சரி. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள, இந்த நோய் எப்படி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

காற்றுதான், தட்டும் தம்ளரும் இல்லை

நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போது, தும்மும்போது, சத்தமாகப் பேசும்போதுகூடக் கிருமி தாங்கிய நுண்துளிகள் வெளியே வருகின்றன. பெரிய துளிகள் தரையில் விழுந்துவிடும். மிகச் சிறியவை காய்ந்து, சாம்பிராணிப் புகை அறையில் தங்குவதுபோல் மணிக்கணக்கில் மிதக்கும். நோயாளி எழுந்து போன பிறகும் அவர் விட்ட காற்று அங்கேயே இருக்கும்.

இதை நிரூபித்த சோதனை ஒன்று உண்டு. 1950-களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகர மருத்துவமனை ஒன்றில், காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியாக மேலே கொண்டுபோய், அங்கே கூண்டுகளில் இருந்த கினிப்பன்றிகளைச் சுவாசிக்க வைத்தார்கள். அந்த விலங்குகள் எந்த நோயாளியையும் பார்க்கவில்லை, தொடவில்லை. காற்று ஒன்றுதான் தொடர்பு. ஆனாலும் அவற்றுக்குத் தொற்று வந்தது. அதே சோதனைகளில் இன்னொன்றும் தெரிந்தது: மருந்து சாப்பிடத் தொடங்கிய நோயாளிகளின் காற்று விலங்குகளுக்குத் தொற்றைக் கொடுப்பது மிகவும் குறைவு. இந்த இரண்டாவது செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது வேண்டும்.

நோயாளிக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் என்று ஒதுக்கிவைக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதனால் ஒரு பயனும் இல்லை. அந்த மனிதரை நோகடிப்பதுதான் மிச்சம். தட்டை ஒதுக்குவதற்குப் பதில் ஜன்னலைத் திறந்தால் போதும்.

அப்புறம், தொற்று வேறு, நோய் வேறு. கிருமி உள்ளே போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலானவர்களின் உடல் அதை அடக்கி வைத்துக்கொள்ளும். இருமல் இருக்காது, காய்ச்சல் இருக்காது, மற்றவருக்கும் பரவாது. உலக மக்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு இப்படி உறங்கும் தொற்று இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இந்தியாவில் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 31 பேருக்குத் தொற்று இருந்தது. தொற்றியவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது அது நோயாக மாறும். அப்படி மாறுவதும் பெரும்பாலும் தொற்றிய முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் நடந்துவிடும். சிலருக்கு மட்டும் இருபது வருடம் கழித்து, சர்க்கரை நோயோ முதுமையோ உடலைத் தளர்த்தும்போது விழித்துக்கொள்ளும்.

இளைஞர்களை ஏன் தனியாகப் பேச வேண்டும்

ஐந்து வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையிலுள்ள பிள்ளைகளுக்குக் காசநோய் வருவது குறைவு. அந்த வயதில் கிருமி உள்ளே போனாலும் உடல் நன்றாகவே கட்டிப்போடுகிறது. பருவ வயது வந்ததும் இது மாறுகிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலிருந்து தொற்று நோயாக மாறுவது கூடுகிறது, நோயின் தன்மையும் மாறுகிறது. சிறு குழந்தைகளின் நோயில் கிருமி குறைவு, அவர்கள் மற்றவர்களுக்குப் பரப்புவது அரிது. பதினாறு, பதினேழு வயதில் வருவது பெரியவர்களுக்கு வருவதைப் போன்றது. நுரையீரலில் குழி விழும், சளியில் கிருமி நிறைய இருக்கும், பக்கத்தில் இருப்பவருக்கும் போகும். 2012-க்கான ஒரு மதிப்பீட்டின்படி, உலகில் 10 முதல் 24 வயதுக்குட்பட்டவர்களில் ஓராண்டில் சுமார் 18 லட்சம் பேருக்குக் காசநோய் வந்திருக்கிறது.

பிறந்தவுடன் போட்ட பிசிஜி ஊசி காப்பாற்றாதா என்று கேட்கலாம். மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வடிவங்களிலிருந்து அது குழந்தைகளைக் காக்கிறது, அதற்காகவே போட வேண்டும். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்குமா என்பதை நம் செங்கல்பட்டுப் பகுதியிலேயே சோதித்தார்கள். 1968-ல் தொடங்கி பதினைந்து ஆண்டுகள் மக்களைத் தொடர்ந்து கவனித்தபோது, பெரியவர்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கவில்லை என்று தெரிந்தது. ஆக, கையில் ஊசித் தழும்பு இருக்கிறது என்று ஒரு கல்லூரி மாணவர் நிம்மதியாக இருக்க முடியாது.

இதோடு அவர்கள் வாழும் விதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் ஒரு பிளஸ் டூ மாணவி எத்தனை பேருடைய மூச்சுக்காற்றைப் பகிர்கிறாள்? வகுப்பில் ஐம்பது பேர், பஸ்ஸில் நெரிசல், மாலையில் மூடிய அறையில் டியூஷன். பணிக்குப் போகும் இளைஞர் என்றால் ஷேர் ஆட்டோ, தையல் கம்பெனி, எட்டுப் பேர் தங்கும் அறை. தெற்கு ஆப்பிரிக்காவின் கேப் டவுனில், காசநோய் மிகுந்த பகுதிகளில், நோயாளிகளின் கிருமிகளுடைய மரபணுக் கைரேகையை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2004-ல் வெளிவந்த அந்த ஆய்வில், பரவலில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் வீட்டுக்குள் நடந்திருந்தது. மீதியெல்லாம் வெளியே.

சரி, வெளியை மூடிவிட்டால்?

ஐந்தில் நான்கு பங்கு வெளியே நடக்கிறது என்றால், வெளியை மூடியது பெரிய நன்மைதானே? ஊர் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், ஆமாம், அந்த வழி கணிசமாக அடைபட்டது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2020 மார்ச்சில் மூடிய பள்ளி 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தது. உகாண்டாவில் 2022 ஜனவரி வரை, கிட்டத்தட்ட இருபத்திரண்டு மாதம் பள்ளிகள் மூடியிருந்தன. உலகிலேயே மிக நீண்ட பள்ளி மூடல்களில் அதுவும் ஒன்று. அத்தனை மாதங்கள் நெரிசலான வகுப்பறைக் காற்றைச் சுவாசிக்காத பிள்ளைகளில் சிலருக்காவது, வழக்கமான ஆண்டுகளில் வந்திருக்கக்கூடிய தொற்று வராமல் போயிருக்கும். மாஸ்க்கும் உதவியிருக்கும். தெற்கு ஆப்பிரிக்காவில் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் வார்டு ஒன்றில், நோயாளிகள் சாதாரண அறுவை சிகிச்சை மாஸ்க் அணிந்த நாட்களின் காற்றையும் அணியாத நாட்களின் காற்றையும் தனித்தனியாகக் கினிப்பன்றிகளுக்கு விட்டுப் பார்த்தார்கள். மாஸ்க் அணிந்த நாட்களில் தொற்றும் அபாயம் பாதிக்கும் கீழே வந்தது.

ஆனால் ஊரின் கணக்கு வேறு, ஒரு வீட்டின் கணக்கு வேறு. ஊர் முழுக்கப் பார்த்தால் வெளியேதான் அதிகம் பரவுகிறது, ஏனென்றால் வெளியே சந்திக்கும் ஆட்கள் அதிகம். ஒரு தனிப் பிள்ளைக்கு எங்கே ஆபத்து மிக அதிகம் என்று கேட்டால், வீட்டிலேயே ஒரு நோயாளி இருக்கும்போதுதான். காசநோய்க்கு வேண்டியது நேரம். ஒரே அறையில், ஒரே காற்றை, நாள் கணக்கில் பகிர்வதுதான் அதற்குத் தோதான சூழல்.

சென்னையில் ஓர் ஒண்டுக்குடித்தன வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே அறை, தடுப்பு வைத்த சமையல் மூலை, ஒரு ஜன்னல். அம்மா, அப்பா, பதினாறு வயதுப் பெண், தம்பி, தாத்தா. தாத்தாவுக்கு ஜனவரியிலிருந்து இருமல். பீடி இருமல் என்று விட்டுவிட்டார்கள். சாதாரண நாட்களில் அந்தப் பெண் காலை எட்டுக்குக் கிளம்பினால் இரவு ஏழுக்குத்தான் வருவாள். தாத்தாவும் பகலெல்லாம் டீக்கடைப் பெஞ்சில், மரத்தடியில். இருவரும் ஒரே காற்றைப் பகிர்வது தூங்கும் நேரம் மட்டும்தான். மார்ச் 25 முதல் இருபத்து நான்கு மணி நேரமும் ஐந்து பேரும் அந்த அறைக்குள். இந்தப் பெண்ணுக்கு ஊரடங்கு பாதுகாப்பைக் கொடுத்ததா? வகுப்பில் ஒருவேளை வந்திருக்கக்கூடிய தொற்றிலிருந்து கொடுத்தது. தாத்தாவின் இருமலிடம் கொண்டுபோய் விட்டது.

பக்கத்துத் தெருவில் நோயாளியே இல்லாத ஒரு வீட்டில் அவள் வயதுப் பையன் ஒருவன் இருந்தால், அவனுக்கு அந்த மாதங்கள் காசநோயிலிருந்து உண்மையான ஓய்வு. ஒரே ஊரடங்குதான், பலன் வீட்டுக்கு வீடு வேறு.

சென்னை முன்பே சொன்ன பாடம்

இந்த இடத்தில் நம் ஊர் ஆய்வு ஒன்றை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1950-கள் வரை, காசநோய் என்றால் சானடோரியம்தான். தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையப் பெயரே அந்தக் காலத்தின் மிச்சம். 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய மருத்துவமனையின் பெயர் அது. நோயாளியை வீட்டிலிருந்து பிரித்தால்தான் குடும்பம் தப்பும் என்பது அன்றைய நம்பிக்கை. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் (இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) நோயாளிகளை இரண்டு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு சானடோரியத்தில் சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு அவர்களுடைய நெருக்கடியான வீட்டிலேயே, போதிய சாப்பாடுகூட இல்லாத நிலையிலேயே, அதே மாத்திரைகள். முடிவு உலகையே மாற்றியது: வீட்டில் சிகிச்சை பெற்றவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள், அவர்கள் குடும்பத்தினருக்குக் கூடுதலாக நோய் வரவில்லை.

ஏன் வரவில்லை? பால்டிமோர் சோதனையில் பார்த்த அதே காரணம்தான். மருந்து தொடங்கியதும் பரவும் தன்மை வேகமாகக் குறைகிறது. குடும்பத்துக்கு ஆபத்தான காலம், நோய் இருப்பது தெரியாமல் இருமிக்கொண்டிருக்கும் காலம். ஐந்து பேர் ஓர் அறையில் இருப்பது மட்டும் ஆபத்தாகிவிடாது. அந்த ஐந்தில் ஒருவருக்கு மருந்து தொடங்காத காசநோய் இருப்பதுதான் ஆபத்து.

2020-ல் நடந்ததை இந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால்தான் அந்த 18 லட்சத்தின் பொருள் புரியும். தாத்தாவை எப்படி மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது? பஸ் இல்லை. போனாலும் இருமல் என்று சொன்னால் கொரோனா என்று பிடித்து வைத்துக்கொள்வார்களோ என்ற பயம். தெருவில் யாராவது இருமினால் கதவை மூடிய நாட்கள் அவை. காசநோய்க் கிருமியைக் கண்டறியும் ட்ரூநாட் போன்ற கருவிகள் கொரோனா சோதனைக்குத் திருப்பப்பட்டன. காசநோய்ப் பணியாளர்களும் வீடு வீடாகக் காய்ச்சல் பார்க்கப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நாட்களில் அவர்கள் உழைத்த உழைப்பு சாதாரணமில்லை. ஆனால் விளைவு விளைவுதான்: வழக்கமாக இரண்டு மூன்று மாதத்தில் கண்டுபிடிக்கப்படும் ஒரு தாத்தா, ஆறு மாதம், எட்டு மாதம் கண்டுபிடிக்கப்படாமல் அந்த அறைக்குள்ளேயே இருந்திருப்பார். அந்த நேரம் முழுவதும் அந்தப் பெண் பக்கத்திலேயே.

காணாமல் போன அந்த நான்கில் ஒரு பங்கில் பெரும்பகுதி நோய் வராதவர்கள் இல்லை. நோய் இருந்தும் யாரும் சோதிக்காதவர்கள். உலகம் முழுவதும் 2020-ல் குறைந்த எண்ணிக்கையில் சுமார் 41 சதவீதம் இந்தியாவில் மட்டும் குறைந்தது. மார்ச்சில் மூடிய ஊரில் ஏப்ரலிலேயே எண்ணிக்கை சரிந்ததே, அது ஒன்றே போதும் இதைக் காட்ட. ஏப்ரலில் நோயாளியாகப் பதிவாக வேண்டியவருக்குத் தொற்று வந்தது பல மாதங்களோ ஆண்டுகளோ முன்பு. ஊரடங்கால் அதைத் தடுத்திருக்கவே முடியாது.

ஏரியும் மடையும்

ஃப்ளூ காய்ச்சலோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். 2020-21 குளிர்காலத்தில் உலகின் பல நாடுகளில் ஃப்ளூ ஏறத்தாழ மறைந்தே போனது. ஃப்ளூ கிருமி ஒருவர் உடலில் சில நாட்கள்தான் இருக்கும். அதற்குள் அடுத்த ஆள் கிடைக்காவிட்டால் அதன் கதை முடிந்தது. அது மழை நின்றதும் வற்றிவிடும் குட்டை.

காசநோய் ஏரி மாதிரி. தலைமுறை தலைமுறையாக உறங்கும் தொற்றாகச் சேர்ந்து நிற்கும் தண்ணீர் அது. வரத்துக் கால்வாயை ஒரு வருடம் அடைத்தால் நீர்மட்டம் சட்டென்று இறங்கிவிடாது. மடை வழியாக வெளியே வரும் தண்ணீர், அதாவது நோயாக மாறும் தொற்று, வந்துகொண்டேதான் இருக்கும். அதனால் ஊரடங்கில் பரவல் குறைந்த நன்மை மெதுவாக, பல ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும். சிகிச்சை தாமதமான தீமையோ உடனே தெரியும், இறப்பாக. 2020-லேயே லண்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சீனா, இந்தியா, தென்னாப்பிரிக்கா மூன்றையும் வைத்துக் கணினி மாதிரிகள் போட்டுப் பார்த்தார்கள். மக்கள் விலகியிருப்பதால் பரவல் குறையும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், கண்டறிதலும் சிகிச்சையும் பெரிய அளவில் தடைப்பட்டால் இறப்புகள் கூடும் என்றே அவை காட்டின.

அப்படியானால் புதிய பரவல் குறைந்ததா கூடியதா என்று எப்படித்தான் அளப்பது? இங்கேதான் இளைஞர்களும் பிள்ளைகளும் ஆய்வாளர்களுக்கு முக்கியமாகிறார்கள். அறுபது வயதுக்காரருக்குத் தோல் பரிசோதனையில் தொற்று தெரிந்தால், அது எந்த ஆண்டு வந்தது என்று சொல்ல வழியில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தால் கடந்த எட்டு ஆண்டுக்குள்தான். ஒரே ஊரில், ஊரடங்குக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும், ஒரே வயதினரைத் தோல் ஊசியாலோ ரத்தப் பரிசோதனையாலோ சோதித்து ஒப்பிட்டால், அந்தக் காலத்தில் காற்றில் எவ்வளவு கிருமி சுற்றியது என்பதற்கு ஓரளவு நேர்மையான விடை கிடைக்கும். மருத்துவமனைப் பதிவேட்டை வைத்துச் சொல்லும் விடையைவிட இதை நான் அதிகம் நம்புவேன். பதிவேடு சோதனைக்கு வந்தவர்களை மட்டும்தான் எண்ணுகிறது.

வயிற்றின் பங்கு

பரவலைப் பற்றிப் பேசும்போது பலரும் விட்டுவிடுவது சாப்பாடு. தொற்று நோயாக மாறுவதைத் தீர்மானிக்கும் பெரிய காரணங்களில் ஒன்று ஊட்டக் குறைவு. ஊரடங்கில் அன்றாடக் கூலி நின்றது. பள்ளியில் சுடச்சுடக் கிடைத்த மதிய உணவு நின்று, அதற்குப் பதில் உலர் பொருளாகக் கொடுத்தார்கள். அந்த அரிசி வீட்டுக்கு வந்ததும் பிள்ளைக்கு மட்டும் என்று இருக்குமா? ஐந்து வாய்க்கும் அதுதான்.

சாப்பாடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜார்க்கண்டில் நடந்த ரேஷன்ஸ் ஆய்வு சான்று. காசநோயாளியின் குடும்பத்தாருக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு போன்ற உணவுப் பொருட்களும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். 2023-ல் வெளிவந்த முடிவின்படி, அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 39 சதவீதம் குறைந்தது. மருந்து எதுவும் கூடுதலாக இல்லை, சாப்பாடு மட்டும். இந்தச் செய்தியை முதலில் படித்தபோது எனக்குச் சந்தோஷத்தைவிட வருத்தம்தான் வந்தது. 2020-ல் எத்தனை வீடுகளில் இதற்கு நேர் எதிரானது நடந்திருக்கும்.

பிறகு

2022-ல் இந்தியாவின் பதிவு மீண்டும் 24 லட்சத்தைத் தாண்டியது. உலக அளவில் 75 லட்சம், 2023-ல் 82 லட்சம். இதைப் பார்த்து நோய் திடீரென்று பெருகிவிட்டது என்று பயப்படத் தேவையில்லை. தேடத் தொடங்கினார்கள், தேங்கியிருந்தவர்கள் கிடைத்தார்கள். அந்தத் தாத்தாவும் ஒருவேளை அதில் இருப்பார். அவர் பேத்திக்கு இப்போது கல்லூரி வயது.

அவளைப் போன்றவர்களுக்குச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2021 முதல், நுரையீரல் காசநோய் உறுதியானவரின் வீட்டில் இருக்கும் எல்லா வயதினருக்கும் தடுப்பு மாத்திரை கொடுக்கலாம் என்று இந்திய வழிகாட்டுதல் சொல்கிறது. முன்பு இது பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் எச்ஐவி உள்ளவர்களுக்கும்தான். முதலில் எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை மூலம் நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஆறு மாதம் தினமும் ஒரு மருந்தோ, பன்னிரண்டு வாரம் வாரத்துக்கு ஒரு முறையோ சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம்.

உங்கள் வீட்டில் 2020-க்குப் பிறகு யாருக்காவது காசநோய் உறுதியாகியிருந்து, உடன் இருந்த பிள்ளைகளை இதுவரை யாரும் சோதிக்கவில்லை என்றால், இருமலுக்குக் காத்திருக்காதீர்கள். தேசியக் கணக்கெடுப்பில் கண்டறியப்பட்ட நோயாளிகளில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் எக்ஸ்ரே எடுத்ததால் மட்டுமே சிக்கினார்கள். அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் அவர்கள் தப்பிப் போயிருப்பார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, காரணமில்லாமல் உடல் இளைப்பது இவற்றில் ஏதாவது இருந்தால் நாளைக்கே போய்விடுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1800-11-6666 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.